என்ஜிஎன் கே: எங்கே இடிக்கிறது என்று அறிகுறியை வைத்துக் கண்டுபிடிப்பது

ஆர்தர் விட்னி உருவாக்கிய கே மொழியின் ஆறாம் வடிவத்தை அடியொற்றிச் சி-யில் எழுதப்பட்ட சிறிய, திறமூல இன்டர்பிரட்டர் இது. கட்டளை வரியில் ஒரு கோப்பைப் படித்து, நாலு குறிகளில் கணக்குப் போட்டு, விடையைக் கொட்டிவிட்டுப் போக இதைவிடக் கச்சிதமான கருவி கிடைப்பது அரிது. ஆனால் இதில் பிழை தேடுவது பைத்தானில் தேடுவது போல இருக்காது. பிழைச் செய்தியில் காரணம் என்று வருவது ஒற்றை மேற்கோள் குறியும் ஒரே ஒரு சொல்லும்தான்: டைப் (வகை), லெங்க்த் (நீளம்), ரேங்க் (உள்ளீடுகளின் எண்ணிக்கை), வேல்யூ (பெயருக்கு மதிப்பில்லை). அதுவாவது வந்தால் நல்லது. பெரும்பாலும் எந்தச் செய்தியும் வராமல் தவறான விடைதான் வரும்.

அதனால் எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் செய்ய வேண்டியது ஒன்றுதான். வரியை வலது ஓரத்திலிருந்து துண்டு துண்டாக ஓட்டிப் பாருங்கள். எடுத்துக்காட்டாக, ஓர் எழுத்துச் சரத்தைக் காற்புள்ளியில் பிரித்து, துண்டுகளை எண்களாக்கி, கூட்டும் இந்த வரி:

```
+/.'","\"7,8,9"
24
```

விடை 24 வராவிட்டால், `","\"7,8,9"` மட்டும் ஓட்டுங்கள். சரியாகப் பிரிந்தால் `.'` சேர்த்து ஓட்டுங்கள். பிறகு `+/`. ஒவ்வொரு படியிலும் முன்னால் `@` போட்டு வகையையும் `#` போட்டு நீளத்தையும் பாருங்கள். `@` ஒரு எழுத்தைத் திருப்பித் தரும். அது சின்ன எழுத்தாக இருந்தால் தனி மதிப்பு, பெரிய எழுத்தாக இருந்தால் பட்டியல். ஐ முழு எண், டி தசம எண், சி எழுத்து. பெரிய ஏ வந்தால் கலப்புப் பட்டியல், அதாவது உள்ளே வேறு பட்டியல்கள் இருக்கின்றன. பாதிக்கு மேற்பட்ட கோளாறுகள் இந்த ஓர் எழுத்திலேயே தெரிந்துவிடும்.

விடை வருகிறது, ஆனால் எண் தவறு

கே-யில் செயல்களுக்குள் முன்னுரிமை கிடையாது. பெருக்கல் கூட்டலுக்கு முந்தியது அல்ல. ஒவ்வொரு செயல்குறியும் தன் வலப்பக்கம் உள்ள அனைத்தையும் எடுத்துக்கொள்ளும்.

```
10-2-3
11
2*3+4
14
*/2 3 4+1
60
```

முதல் வரியில் 2-3 முதலில் நடந்து -1 ஆகிறது. 10-இலிருந்து அதைக் கழித்தால் 11. மூன்றாவது வரியில் பெருக்கித் தொகுத்த பின் 1 கூட்ட நினைத்திருப்பீர்கள். நடந்தது 3, 4, 5-இன் பெருக்கம். அடைப்புக்குறி போட்டுச் சரிசெய்யலாம்தான். ஆனால் எளிய பக்கத்தை இடப்புறம் நகர்த்துவதே கே-யில் பழகியவர்களின் வழி: `1+*/2 3 4` என்றால் 25.

ஒப்பீடுகளில் இது இன்னும் மோசமாகக் கடிக்கும்.

```
#1 2 3=3
3
3<5&5<9
0
```

முதல் வரி "நீளம் மூன்றா?" என்று கேட்கவில்லை. எது மூன்றுக்குச் சமம் என்று ஒப்பிட்டுக் கிடைத்த `0 0 1`-இன் நீளத்தைச் சொல்கிறது. தற்செயலாக 3 என்று வருவதால் பலர் கவனிப்பதே இல்லை. `3=#1 2 3` என்று எழுதுங்கள். இரண்டாவதில் 5<9 என்பது 1; 5-உம் 1-உம் `&`-க்குள் போனால் சிறியதான 1 வரும்; 3<1 பொய். `(3<5)&5<9` என்று இடப்பக்கத்துக்கு மட்டும் அடைப்புக்குறி போட்டால் போதும். வலப்பக்கத்துக்கு எப்போதும் தேவையில்லை.

ஓர் எச்சரிக்கை. `+/1 2 3 4%#1 2 3 4` சரியான சராசரியான 2.5-ஐத் தரும். நீங்கள் நினைத்த வழியில் அல்ல. ஒவ்வொன்றையும் நான்கால் வகுத்துப் பிறகு கூட்டியதால். கூட்டலுக்குப் பொருந்திய இந்த அதிர்ஷ்டம் பெருக்கலுக்குப் பொருந்தாது. அதனால் ஒரு வரி ஒருமுறை சரியாக ஓடிவிட்டது என்பதைச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பட்டியலில் ஓர் உறுப்பு கூடிவிட்டது

```
1 2 3-1
0 1 2
1 2 3 -1
1 2 3 -1
```

வித்தியாசம் ஒரே ஓர் இடைவெளி. கழித்தல் குறிக்கு முன் இடைவெளி இருந்து, பின்னால் ஒட்டி எண் இருந்தால் அது எதிர்ம எண்; பட்டியலில் நாலாவது ஆளாகச் சேர்ந்துகொள்ளும். இரு பக்கமும் இடைவெளி விட்டாலும், இரு பக்கமும் ஒட்டி எழுதினாலும் கழித்தல். வேறு மொழிகளில் அழகுக்காக இடைவெளி விட்ட பழக்கம் இங்கே ஆகாது. இதே காரணத்தால் `-3+5` என்பது 2, `- 3+5` என்பது -8.

வரியின் பாதி காணாமல் போகிறது

`+/1 2 3` ஆறு தரும். `+ /1 2 3` வெறும் `+` குறியைத் தரும். இடைவெளிக்குப் பின் வரும் `/` கருத்துரையின் தொடக்கம். அதன் பிறகு உள்ளதை மொழி பார்ப்பதே இல்லை. பிழையும் வராது. செயல்குறியின் வேலையை மாற்றும் `/` போன்ற குறி (அட்வெர்ப்) எப்போதும் தன் செயல்குறியோடு ஒட்டியே இருக்க வேண்டும். வேறு இடத்திலிருந்து நகலெடுத்து ஒட்டிய வரிகளில் இது அடிக்கடி நடக்கும், ஏனென்றால் பிறர் படிக்க வசதியாக இடைவெளி சேர்த்திருப்பார்கள்.

டைப் பிழை

அதிகம் பார்ப்பது இரண்டு இடங்களில். ஒன்று, பட்டியலில் எந்த இடம் என்று சொல்லும் சுட்டெண்ணாகத் தசம எண்ணைக் கொடுப்பது (இருபக்கமும் மதிப்பு இருந்தால் `@` வகையைச் சொல்லாது, உறுப்பை எடுக்கும்):

```
10 20 30 40@6%2
```

6%2 மீதியில்லாமல் வகுபட்டாலும் விடை 3 அல்ல, 3.0. `%` எப்போதும் தசம எண்ணையே தரும். `_6%2` என்று கீழ்நோக்கி முழு எண்ணாக்குங்கள், அல்லது முழு எண் வகுத்தலை எழுதுங்கள். அது `!`-இல் ஒளிந்திருக்கிறது: `-2!7` என்றால் ஈவு 3, `2!7` என்றால் மீதி 1. வகுக்கும் எண் இடப்பக்கம் வருவதைக் கவனியுங்கள்.

இரண்டாவது, எண்ணை நேரடியாக அச்சிட முயல்வது. வெளியீட்டுக் குறி சரங்களைத்தான் கேட்கும், எனவே முதலில் சரமாக்கும் `$` (`!10` என்பது 0 முதல் 9 வரையுள்ள எண்கள்):

```
`0:$+/!10
45
`0:" "/$1 2 3
1 2 3
```

நடுவில் உள்ள `" "/` இல்லாவிட்டால் ஒவ்வொரு எண்ணும் தனித்தனி வரியில் வரும். குழாய் வழியாக வேறு கட்டளைக்கு அனுப்பப் போகிறீர்கள் என்றால் பெரும்பாலும் அதுதான் வேண்டும்.

ஒப்பீடு எப்போதும் 0 தருகிறது

கே-யில் புதிதாக வருபவர்கள் அதிக நேரம் தொலைக்கும் இடம் இதுதான்.

```
"7"~*","\"7,8,9"
0
```

கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் ஓர் எழுத்தை மேற்கோளுக்குள் எழுதினால் அது சரம் அல்ல, தனி எழுத்து. பிரித்தெடுத்ததோ ஓர் எழுத்து கொண்ட சரம். திரையில் அது `,"7"` என்று காற்புள்ளியுடன் வரும். அந்தக் காற்புள்ளியை அலங்காரம் என்று நினைத்துக் கடந்துவிடாதீர்கள். ஒப்பிடும்போது `(,"7")~` என்று எழுதினால் 1 கிடைக்கும். கொடுமை என்னவென்றால், தேடும் சொல் இரண்டெழுத்தாக இருக்கும்வரை எல்லாம் சரியாக ஓடும். "10" கிடைக்கும், "12" கிடைக்கும், "7" மட்டும் கிடைக்காது.

`=`-ஐயும் `~`-ஐயும் குழப்புவதும் இதன் உறவுதான். `=` உறுப்பு உறுப்பாக ஒப்பிடும்; `~` முழுதாக ஒரே விடை தரும். `"123"="124"` என்றால் `1 1 0`. `"123"="12"` என்றால் லெங்க்த் பிழை. சரங்களுக்கு `~` போடுங்கள், நீளம் மாறினாலும் அமைதியாக 0 தரும்.

லெங்க்த் பிழை

`1 2 3+4 5` போல நேரடியாக எழுதியிருந்தால் உடனே தெரியும். கோப்பிலிருந்து வந்த வரிகளில்தான் தேட வேண்டியிருக்கும். என்னென்ன நீளங்கள் இருக்கின்றன என்று கேளுங்கள்:

```
?#'("123";"45")
3 2
```

ஒரே எண் வந்தால் எல்லா வரிகளும் சமம். ஒன்றுக்கு மேல் வந்தால் நிரப்ப வேண்டும். இங்கே `#`-ஐக் கையில் எடுக்காதீர்கள்: `3#'("123";"45")` இரண்டாவது வரியை "454" ஆக்கிவிடும், ஏனென்றால் `#` தீர்ந்துபோனால் முதலிலிருந்து மீண்டும் எடுக்கும். வெற்றிடத்தால் நிரப்புவது `$`: `3$'("123";"45")` என்றால் இரண்டாவது "45 ". வலப்பக்கம் ஒட்டி நிறுத்த -3.

கோப்பில் உள்ள எண்களைக் கூட்டினால் விசித்திரமான தொகை

`+/"12"` என்றால் 99. எழுத்து 1-இன் ஆஸ்கி மதிப்பு 49, 2-இன் மதிப்பு 50. கோப்பிலிருந்து `0:` கொண்டு படித்தது எல்லாமே எழுத்துகள். எண்ணாக மாற்றும் வேலை உங்களுடையது. தனி இலக்கங்கள் வேண்டுமென்றால் `-48+"12"` போதும். முழு எண்ணாக வேண்டுமென்றால் விரைவான வழி `.`, ஆனால் அது எண்ணாக மாற்றும் கருவி அல்ல, நிரலாக ஓட்டும் கருவி.

```
."2024-05-01"
2020
```

ஐந்திலிருந்து ஒன்று போனால் நான்கு, 2024-இலிருந்து நான்கு போனால் 2020. தேதிப் பத்தி உள்ள கோப்பை இப்படிப் படித்தால் ஒரு பிழையும் காட்டாமல் ஒவ்வொரு தேதியும் ஏதோ ஒரு வருடமாக மாறிவிடும். அதைவிட முக்கியம், வெளியாரிடமிருந்து வந்த கோப்பை `.` கொண்டு படிப்பது அவர்கள் எழுதியதை உங்கள் கணினியில் ஓட்டுவதற்குச் சமம். நீங்களே உருவாக்கிய தரவுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றுக்கு `$`-இன் இடப்பக்கம் பெரிய ஐ என்ற குறியைக் கொடுத்து மாற்றும் முறை இருக்கிறது. அது எண்ணை மட்டும்தான் படிக்கும்.

ஒவ்வொரு வரியின் நீளமும் சரியாக ஒன்று கூடுதலாக இருந்தால் கோப்பு விண்டோஸிலிருந்து வந்தது. `0:` வரி முடிவுக் குறியை மட்டும் நீக்கும். அதற்கு முன் உள்ள கேரேஜ் ரிட்டர்ன் தங்கிவிடும். எல்லா வரிகளிலும் இருப்பதை உறுதிசெய்த பின் `-1_'` போட்டு வாலை நறுக்கலாம். கடைசி வரியில் மட்டும் அது இல்லாத கோப்புகளும் உண்டு. அப்போது நல்ல எழுத்து ஒன்று பறிபோகும். ஷெல்லிலேயே (கட்டளை வரியிலேயே) முன்கூட்டிச் சுத்தம் செய்துவிட்டு உள்ளே அனுப்புவது மேல்.

ஒரே ஒரு பதிவு வந்த நாளில் மட்டும் உடைகிறது

```
=."5 6 5"
=."3"
```

முதல் வரி எதிர்பார்த்தபடி எந்த மதிப்பு எந்தெந்த இடங்களில் என்று தொகுத்துத் தரும். இரண்டாவது 3×3 அலகு அணியைத் தரும்! தனி எண்ணுக்கு முன் `=` வந்தால் அதற்குப் பொருளே வேறு. `?` அப்படித்தான்: பட்டியலுக்கு முன் வந்தால் தனித்துவமான உறுப்புகள், தனி எண்ணுக்கு முன் வந்தால் அத்தனை தற்செயல் எண்கள். `#` இங்கே காப்பாற்றாது, தனி மதிப்புக்கும் 1 என்றே சொல்லும், `@`-தான் காட்டிக்கொடுக்கும். மருந்து `(),`. அதை முன்னால் ஒட்டினால் தனி மதிப்பு ஒற்றை உறுப்புப் பட்டியலாகும், ஏற்கெனவே பட்டியலாக இருந்தால் மாறாது. வெளியிலிருந்து தரவு நுழையும் ஒவ்வோர் இடத்திலும் இதைப் போட்டுவைப்பது நல்ல பழக்கம்.

வரிசைக்குப் பதில் பத்தி கூடுகிறது

அணியின் ஒவ்வொரு வரிசையையும் கூட்ட நினைத்து `+/(1 2;3 4)` எழுதினால் `4 6` வரும்; அது பத்திகளின் தொகை. `+/'(1 2;3 4)` என்றால் `3 7`. `*`, `|`, `#` எல்லாவற்றுக்கும் இதே கதை: `'` இல்லாவிட்டால் வெளிப்பட்டியலைத் தொடும், இருந்தால் உள்ளே இறங்கும்.

திடீரென்று எதிர்ம எண், அல்லது 0-உடன் ஒட்டிய 'என்' எழுத்து

`*/1+!20` சரியாக 2432902008176640000 தரும். `*/1+!21` தருவது -4249290049419214848. முழு எண்கள் 64 பிட். அதைத் தாண்டினால் சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் வரும், எச்சரிக்கை கிடையாது. துல்லியம் கொஞ்சம் போனாலும் பரவாயில்லை என்றால் `*/1.0+!21` என்று தசமத்தில் போடுங்கள். எல்லா இலக்கமும் வேண்டும் என்றால் இது அதற்கான கருவி அல்ல. வரம்பில்லாத எண் உள்ள வேறொன்றுக்குப் போங்கள்.

0-ஐ ஒட்டிய பெரிய 'என்' எழுத்து வெற்று மதிப்பு. எல்லை தாண்டிய சுட்டெண் கொடுத்தால், `10 20 30@5` போல, பிழைக்குப் பதில் அதுதான் வரும். உள்ளுக்குள் அது 64 பிட்டில் அடங்கும் மிகச் சிறிய எண். எனவே `<` கொண்டு வரிசைப்படுத்தினால் முதலில் நிற்கும். மிகச் சிறியது எது என்று `&/` கேட்டால் அதுவே விடையாக வரும். சுட்டெண் 0-இலிருந்து தொடங்குகிறது என்பதை மறந்து, கடைசி உறுப்பை எடுக்க நீளத்தையே சுட்டெண்ணாகக் கொடுப்பதுதான் வழக்கமான காரணம்.

அசையாமல் நிற்கிறது

```
(1+)/0
```

ஒற்றை உள்ளீட்டுச் செயலுக்குப் பின் `/` வந்தால் அது தொகுப்பு அல்ல. விடை மாறாமல் நிலைக்கும்வரை திரும்பத் திரும்ப ஓட்டு என்று பொருள். ஒன்று கூட்டிக்கொண்டே போனால் எப்போது நிலைக்கும்? கன்ட்ரோல்-சி அழுத்தி நிறுத்துங்கள். எத்தனை முறை என்று இடப்பக்கம் சொன்னால் முடியும்: `10(1+)/0` என்றால் 10. நடுவில் என்ன நடக்கிறது என்று பார்க்க `/`-ஐ `\` ஆக்குங்கள். 0 முதல் 10 வரை ஒவ்வொரு படியும் வரும். நிலைப்புள்ளி தேடும் வரி நிற்காமல் ஓடினால், எண்ணிக்கையைச் சின்னதாகக் கொடுத்து `\` போட்டு ஓட்டிப் பார்ப்பதுதான் கோளாறைக் காண எளிய வழி.

வேல்யூ பிழை, ஆனால் பெயர் கண்ணெதிரே இருக்கிறது

சுருள் அடைப்புக்குள் எழுதிய செயலுக்குள் இன்னொரு செயல் எழுதி, வெளிச்செயலின் உள்ளூர்ப் பெயரை உள்ளே பயன்படுத்தியிருப்பீர்கள். கே-யில் குளோஷர் கிடையாது. உள்ளே இருப்பது தன் சொந்தப் பெயர்களையும் உலகளாவிய பெயர்களையும் மட்டுமே பார்க்கும். தேவையான மதிப்பை உள்ளீடாக அனுப்புங்கள்; `+[;3]` போல ஓர் இடத்தை நிரப்பி மற்றதைக் காலியாக விடும் முறை இதற்காகவே இருக்கிறது. பெயர் அறிவிக்காமல் தானாகக் கிடைக்கும் உள்ளீடுகள் எக்ஸ், ஒய், இசட் மூன்று மட்டும்.

ஊடாடு திரையில் ஓடுகிறது, ஷெல்லில் கொடுத்தால் உடைகிறது

கே-யின் ஏறக்குறைய ஒவ்வொரு குறிக்கும் ஷெல்லிலும் ஏதோ ஓர் அர்த்தம் உள்ளது. மேற்கோள் இல்லாமல் எழுதினால் `*` கோப்புப் பெயர்களாக விரியும், `|` குழாயாகும், `&` பின்னணிக்குத் தள்ளும், `>` இருக்கும் கோப்பை அழித்து எழுதிவிடும். இரட்டை மேற்கோளுக்குள்ளும் `$`, `\`, பின்சாய்ந்த மேற்கோள் மூன்றும் ஷெல்லிடமே போகும்; பாஷில் `!` பழைய கட்டளையைத் தேடப் போகும். ஒற்றை மேற்கோள்தான் பாதுகாப்பு, ஆனால் கே-யில் `'` நிறைய வரும். ஒவ்வொன்றையும் `'\''` என்று உடைத்து எழுதலாம். மூன்றாவது முறைக்கு மேல் யாருக்கும் பொறுமை இருக்காது. இன்டர்பிரட்டரைக் கூப்பிடும் கட்டளைக்குப் பின்னால், முடிவுச் சொல்லை மேற்கோளிட்டு உள்ளீட்டைத் தொகுதியாகக் கொடுங்கள்:

```
<<'முடிவு'
+/!10
முடிவு
```

மேற்கோளிட்ட முடிவுச் சொல் இருந்தால் ஷெல் உள்ளே எதையும் தொடாது. ஆனால் நிரலே உள்ளீட்டு வழியாக வருவதால் தரவையும் அதே வழியில் தர முடியாது. தரவைக் கோப்பிலிருந்து `0:"விலை"` போலப் படியுங்கள். இரண்டு வரிக்கு மேல் போனால் நிரலைக் கோப்பில் எழுதிப் பெயரைக் கொடுத்து ஓட்டுவதே நிம்மதி. அம்புக்குறி அழுத்தினால் கண்டபடி குறிகள் வருகின்றன என்றால் அது மொழியின் கோளாறு அல்ல. அம்புக்குறிகளை வேலை செய்ய வைக்கும் ஆர்எல்ராப் என்ற கருவியை நிறுவி அதன் வழியாக இன்டர்பிரட்டரைத் தொடங்குங்கள்.

தமிழ் உரையின் நீளம் மூன்று, ஐந்து மடங்காக வருகிறது

```
#"தமிழ்"
15
```

எழுத்து என்பது இங்கே பைட். யூடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறிகள். அதனால் `|` கொண்டு திருப்பினால் உரை சிதையும், `10$` கொண்டு நிரப்பினால் பத்திகள் நேராக நிற்காது, `2#` பாதி எழுத்தை வெட்டும். காற்புள்ளியில் பிரிப்பது, `~` கொண்டு ஒப்பிடுவது, தொகுப்பது எல்லாம் பத்திரமானவை, ஏனென்றால் தமிழ்க் குறிகளின் எந்த பைட்டும் ஆஸ்கி எல்லைக்குள் வராது. ஒப்பீடு பொய்த்தால் 'கொ' போன்ற எழுத்துகளைப் பாருங்கள்: கொம்பும் காலும் தனித்தனியாக ஒரு கோப்பிலும், ஒரே குறியாக இன்னொரு கோப்பிலும் பதிவாகியிருக்கலாம். திரையில் ஒன்றாகத் தெரியும், பைட்டுகள் வேறு. கே-க்குள் நுழையும் முன்பே யூனிகோட் ஒருமைப்படுத்தல் செய்துவிடுங்கள்.

வேறு இடத்தில் கண்ட வரி இங்கே ஓடவில்லை

முதலில் அது எந்தக் கே என்று பாருங்கள். கேடிபி+ என்ற தரவுத்தளத்துடன் வரும் நான்காம் வடிவத்தில் `-2!7` வகுத்தல் அல்ல. இடப்பக்க எதிர்ம எண் அங்கே உட்செயல்களைக் கூப்பிடும். அதன் மேல் எழுதப்பட்ட க்யூ மொழியில் ஆங்கிலச் சொற்களாக இருப்பவை இங்கே வெறும் குறிகள். ஒற்றைப் பின்சாய்வை `\` மட்டும் தட்டினால் இந்த இன்டர்பிரட்டரின் சொந்த உதவி வரும். ஒவ்வொரு குறியும் தனி மதிப்புக்கும் பட்டியலுக்கும் என்ன செய்யும் என்பதற்கு அதில் உள்ள அட்டவணையை மட்டும் நம்புங்கள்.